ஒரே பூட்டு, ஐந்து விதிநூல்: அடுத்த கேம்பெய்னுக்கு எதை எடுப்பது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ஆட்டம். அதில் எங்கள் கேம்பெய்ன், அதாவது மாதக்கணக்கில் தொடரும் ஒரே கதை, ஒன்பதாவது லெவலில் நின்றுபோனது. யாரும் சாகவில்லை, யாரும் சண்டை போட்டுக்கொள்ளவும் இல்லை. சித்தி மகன் மட்டும், "அண்ணா, இந்த ஞாயிறு நான் வரலை, நீங்க ஆடுங்க" என்றான். அடுத்த தடவையும் அதையே சொன்னான். மூன்றாவது தடவை சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அவன் ஆடியது ஃபைட்டர், வாள் பிடிக்கும் போர்வீரன். அவன் இல்லாத அந்த இரண்டு ஞாயிறும் ஆட்டம் எந்தக் குறையும் இல்லாமல் நடந்திருந்தது.

கடைசியாக அவன் வந்த நாளை நினைத்துப் பார்த்தேன். கோட்டை வாசலில் பூட்டிய இரும்புக் கதவு. எங்கள் ரோக், அதாவது பூட்டுத் திறப்பதும் பதுங்குவதும் தொழிலாகக் கொண்டவள், பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். ஒன்பது லெவலாகப் பூட்டுத் திறக்கும் திறனில் புள்ளிகளைக் கொட்டி வைத்திருந்தாள். அவள் பகடையை எடுப்பதற்குள், விசார்ட், அதாவது மந்திரவாதி, ஆடும் என் நண்பர் பையிலிருந்து மந்திரம் எழுதிய ஒரு சுருளை எடுத்து, பூட்டைத் திறக்கும் 'நாக்' மந்திரத்தைப் படித்தார். கதவு திறந்தது. பகடையே தேவைப்படவில்லை. உள்ளே அகழி, அதற்குப் பறக்கும் மந்திரம். அகழிக்கு அந்தப் பக்கம் ஒரு ராட்சதன். அவனைக் கட்டிப்போட இன்னொரு மந்திரம். அசையாமல் நின்ற ராட்சதனின் கழுத்தை ஃபைட்டர் வெட்டினான். "நான் வெட்டுறேன்ணா." மூன்று மணி நேரத்தில் அவன் பேசிய வசனம் அதுதான்.

அப்போது ஆடியது 2003இல் வந்த 3.5 பதிப்பு. புத்தகங்கள் பழைய விலைக்குக் கிடைத்தன, எடுத்தோம். அடுத்த கேம்பெய்னையும் நான்தான் நடத்த வேண்டும். எந்த விதிநூலை எடுப்பது என்று இரண்டு வாரம் உட்கார்ந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் மேசை எப்படிப்பட்டது என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என் முடிவு உங்களுக்குப் பயன்படாது. டிஎம், அதாவது கதையை நடத்துபவன், ஆகிய என்னைச் சேர்த்து ஐந்து பேர். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, மதியம் மூன்று மணி நேரம். அதில் ஒரு சண்டை நடக்கும், அதிகம் போனால் இரண்டு. விசார்ட் நண்பர் விதிநூலை அட்டை முதல் அட்டை வரை படிப்பவர். சித்தி மகன் ஒரு பக்கம்கூடப் படிக்க மாட்டான், ஆனால் வாளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய் நிற்பதில் அவனுக்கு அப்படி ஒரு ஆசை. நான்காவது ஆள் க்ளெரிக், கடவுள் அருளால் காயம் ஆற்றும் பூசாரி. எந்த ஆட்டத்திலும் அனுசரித்துப் போய்விடுவார், அவரைப் பற்றிக் கவலையில்லை.

கிளாஸ்களுக்குள், அதாவது ஃபைட்டர், விசார்ட் போன்ற பாத்திர வகைகளுக்குள், சமநிலை என்றதும் எல்லோரும் ஒரு சுற்றுக்கு எவ்வளவு அடி என்ற கணக்குக்குத்தான் போகிறார்கள். நானும் கீழே அதைப் போட்டிருக்கிறேன். ஆனால் நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் வேறு: ஒருவர் வராத ஞாயிறு, அவர் இல்லாதது மற்றவர்களுக்கு வலிக்க வேண்டும். வலித்தால் அந்த கிளாஸ் சரியாக இருக்கிறது. அந்தப் பூட்டிய கதவையே ஒவ்வொரு விதிநூலிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். நாக் மந்திரத்தை அது எப்படி வைத்திருக்கிறது என்று பார்த்தாலே முக்கால்வாசி தெரிந்துவிடுகிறது.

பழைய வழி: காலத்தை வைத்துச் சமன் செய்வது

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் ஆட்டத்தில் மூன்றே கிளாஸ்: போர்வீரன், மந்திரவாதி, க்ளெரிக். திருடன், இன்றைய ரோக், அடுத்த வருடம் துணைநூலில் வந்து சேர்ந்தான். இன்று பழைய பாணி என்று பலர் ஆடுவது பெரும்பாலும் 1981இல் டாம் மோல்ட்வே தொகுத்த பேசிக் நூலின் வழி. அதில் சமநிலைக்கான கருவி, லெவல் ஏறத் தேவையான அனுபவப் புள்ளி. இரண்டாம் லெவலுக்குத் திருடனுக்கு 1,200 போதும். க்ளெரிக்குக்கு 1,500, ஃபைட்டருக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. வாளும் மந்திரமும் இரண்டும் தெரிந்த எல்ஃபுக்கு 4,000. புதையலுக்குக் கிடைக்கும் புள்ளியை எல்லோரும் சமமாகப் பங்கிட்டு 4,900இல் நிற்கிறார்கள் என்று வையுங்கள். திருடன் நான்காம் லெவல், ஃபைட்டர் மூன்று, மந்திரவாதியும் எல்ஃபும் இன்னும் இரண்டில்தான்.

அந்த மந்திரவாதி முதல் லெவலில் ஒரு குச்சி மனிதன். உயிர்ப்புள்ளிக்கு நான்குமுகப் பகடை, கையில் ஒரு குறுவாள், ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லிவிட்டால் பந்தம் பிடித்துக்கொண்டு பின்னால் வர வேண்டியதுதான். இந்த அவஸ்தையைத் தாண்டிப் பிழைத்தவனுக்கு மேல் லெவல்களில் வானத்தை வளைக்கும் சக்தி. இளமையில் கஷ்டம், முதுமையில் ராஜபோகம். ஃபைட்டருக்கு நேர்மாறு.

கதவுக்கு வருவோம். மந்திரங்களின் படிநிலையில் நாக் இங்கே இரண்டாம் தரம். 5,000 புள்ளி சேர்த்து மூன்றாம் லெவலுக்கு வந்த மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு அந்தத் தரத்தில் ஒரே ஒரு இடம். கதவைத் திறக்க அதைச் செலவழித்தால் அன்றைக்கு வேறு பெரிய வித்தை கிடையாது. அதனால் திருடனையே அனுப்பிப் பார்ப்பார்கள். ஆனால் முதல் லெவல் திருடன் பூட்டைத் திறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 15. பூட்டுத் திறக்கவே பிறந்தவனுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான்.

இந்த முறை எனக்குப் பிடிக்கும். ஆனால் முழு ஆயுளையும் ஆடினால்தான் கணக்கு நேராகும். ஆறு மாதத்தில் நின்றுபோகும் கேம்பெய்னில் ஒருவர் கஷ்டத்தை மட்டும் பார்ப்பார், இன்னொருவர் ராஜபோகத்தை மட்டும். போதாததற்கு 1978இன் அட்வான்ஸ்டு விதிநூலில் ஒரு வேடிக்கை உண்டு. ஏழாம் லெவலைத் தொட ஃபைட்டருக்கு 70,001 புள்ளி வேண்டும். மந்திரவாதிக்கு 60,001 போதும். மந்திரவாதியைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடம் வந்ததும் பிரேக்கைக் கழற்றிவிடுகிறது அட்டவணை. ஒன்பதாம் லெவல் ஃபைட்டருக்குக் கோட்டையும் படையும் கொடுத்து ஈடுகட்டினார்கள் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கோட்டை நிர்வாகம் செய்யும் ஆட்டத்தை எத்தனை பேர் ஆடினார்கள்?

3.5: பிரேக் இல்லாத வண்டி

எங்களைக் கவிழ்த்தது இதுதான் என்பதால் கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு, ஜோனதன் ட்வீட், மான்டி குக், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் வடிவமைத்தது, பல இடங்களில் அருமையான சீர்திருத்தம். எல்லாவற்றுக்கும் ஒரே இருபதுமுகப் பகடை, எல்லோருக்கும் ஒரே அனுபவ அட்டவணை: 1,000, 3,000, 6,000 என்று. சீராக, அழகாக இருக்கிறது. ஆனால் மந்திரவாதியைக் கட்டி வைத்திருந்த கயிறுகள் ஒவ்வொன்றும் இந்தச் சீர்திருத்தத்திலேயே அறுந்தன.

முன்பு மந்திரம் சொல்லும்போது அடி விழுந்தால் மந்திரம் போச்சு. இப்போது ஒரு திறன் சோதனையில் தப்பிக்கலாம். முன்பு மந்திரத்திலிருந்து தப்பும் எண் தாக்கப்படுபவனின் லெவலைப் பொறுத்தது, அதனால் பெரிய எதிரிகளிடம் மந்திரம் அடிக்கடி வழுக்கும். இப்போது மந்திரவாதியின் புத்தி கூடக் கூடத் தப்புவதும் கடினமாகிறது. எல்லாவற்றையும்விட மோசம் சுருள் எழுதுவது. விசார்டுக்கு முதல் லெவலிலேயே அந்தத் திறமை இலவசம். நாக் சுருளின் விலை 150 பொற்காசு, சொந்தமாக எழுதினால் 75. ஒன்பதாம் லெவல் ஆளுக்கு அது டீச்செலவு. ஆக, கதவு திறப்பது விசார்டுக்கு அன்றைய மந்திரத்தில் ஒன்றைக்கூடக் குறைக்காத காரியமாகிவிட்டது. ரோக் ஒன்பது லெவலாகச் சேர்த்த புள்ளிகளின் மதிப்பு 75 காசு.

ஃபைட்டரின் நிலை இன்னும் பரிதாபம். லெவலுக்கு இரண்டு திறன் புள்ளி, அதையும் ஏறுவது, தாண்டுவது, நீந்துவது, குதிரை ஓட்டுவது, மிரட்டுவது போன்றவற்றில் போடலாம். காவலாளியோடு பேசவோ, பதுங்கியிருப்பவனைக் கண்டுபிடிக்கவோ அவன் இரு மடங்கு புள்ளி கொடுக்க வேண்டும். சண்டையில்லாத நேரத்தில் என் சித்தி மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அவன் காரணம் இல்லை. அதே லெவலில் ட்ரூயிட் என்ற கிளாஸோடு ஒரு கரடி கூடவே வரும். ட்ரூயிட் தானும் கரடியாக மாறி, ஒரு சிறப்புத் திறமை எடுத்துக்கொண்டால் கரடி உருவிலேயே மந்திரமும் சொல்வார்.

இதைச் சரிசெய்ய ஆடுபவர்களே கண்டுபிடித்த நல்ல வைத்தியம் ஒன்று உண்டு: ஆறாம் லெவலோடு நிறுத்திவிடுவது. அதற்குமேல் லெவல் கிடையாது, சிறு திறமைகள் மட்டும் சேரும். பறப்பது இருக்கும், தூரத்து இடத்துக்கு நொடியில் போய்ச் சேரும் டெலிபோர்ட் இருக்காது. இதை நான் ஒரு வருடம் முன்பே படித்திருந்தால் இந்தக் கட்டுரையே வந்திருக்காது. இப்போது அதே புத்தகத்தை மறுபடி எடுத்து வைத்தால் சித்தி மகன் வாசல்படி ஏற மாட்டான்.

நான்காம் பதிப்பு: எல்லோருக்கும் ஒரே தட்டு

2008இல் ராப் ஹைன்சூ, ஆண்டி காலின்ஸ், ஜேம்ஸ் வையட் செய்தது தைரியமான காரியம். ஃபைட்டரானாலும் விசார்டானாலும் எல்லோருக்கும் ஒரே அமைப்பு: எப்போதும் செய்யக்கூடிய வித்தைகள் சில, சண்டைக்கு ஒருமுறை சில, நாளுக்கு ஒருமுறை சில. நான்கு பொறுப்புகள்: முன்னால் நின்று தாங்குபவர், அடிப்பவர், மற்றவர்களைத் தூக்கி நிறுத்துபவர், களத்தைக் கட்டுப்படுத்துபவர். ஃபைட்டர் எதிரியைக் குறிவைத்துவிட்டால், அந்த எதிரி வேறு யாரை அடிக்கப் போனாலும் அவனுக்குத் தண்டனை உண்டு. முதல்முறையாக ஃபைட்டர் இல்லாத குழு நிஜமாகவே திண்டாடியது.

நாக் இங்கே பத்து நிமிடம் பிடிக்கும் சடங்கு, காசும் செலவாகும். அவசரமில்லை என்றால் செய்யலாம். பின்னால் துரத்திக்கொண்டு வருகிறார்கள் என்றால் ரோக்தான் கதி. என் அளவுகோலில் முழு மதிப்பெண்.

இதை எடுக்க நான் முக்கால்வாசி தீர்மானித்தும் விட்டேன். எல்லா கிளாஸும் ஒரே மாதிரி இருக்கிறது என்பது இதன் மீது வந்த பெரிய குறை. காகிதத்தில் படித்தால் அப்படித்தான் தோன்றும், களத்தில் அப்படியில்லை. ஆனால் எனக்கு இடித்தது இரண்டு விஷயங்கள். ஒன்று, நேரம். இங்கே ஒரு சண்டை சர்வசாதாரணமாக ஒரு மணி நேரத்தைத் தின்னும், பெரியது என்றால் இரண்டு. எங்கள் மூன்று மணி நேரத்தில் கதை எங்கே நுழையும்? இரண்டு, சித்தி மகன். பெரும்பாலான லெவல்களில் ஒரு வித்தையைத் தேர்ந்தெடுத்து, அட்டையில் எழுதி, எதை எப்போது செலவழிப்பது என்று யோசிக்க வேண்டும். அவனுக்கு அது வேண்டாம். சமத்துவம் என்ற பெயரில் விசார்டின் வீட்டுப்பாடத்தை அவன் தலையிலும் கட்டிவிடுகிறது இந்தப் பதிப்பு. 2010இல் எசென்ஷியல்ஸ் என்று வந்த வரிசையில் ஃபைட்டருக்கு இந்தச் சுமையை இறக்கினார்கள். சண்டையின் நீளம் அப்படியே இருந்தது.

ஐந்தாம் பதிப்பு: ஓய்வில் ஒளிந்திருக்கும் கணக்கு

2014இல் வந்தது. இன்று புதிதாக ஆட வருபவர் கையில் பெரும்பாலும் இருப்பது இதுதான், அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகவே கணக்குப் போட்டேன்.

நல்ல விஷயங்கள் முதலில். நீடித்து நிற்கும் மந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு மனக்குவிப்பு வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் பிடித்திருக்க முடியும், அடி விழுந்தால் நழுவலாம். பறந்துகொண்டே மறைந்திருப்பது ஒரே ஆளால் நடக்காது. நாக் கதவைத் திறக்கும், ஆனால் 300 அடி தூரத்துக்குக் கேட்கும் சத்தத்தோடு. இந்த ஒரு வரியை எழுதியவருக்கு நான் காபி வாங்கித் தருவேன். விசார்டால் கதவைத் திறக்க முடியும், ரோக்கால் சத்தமில்லாமல் திறக்க முடியும். இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது.

சண்டையில் சமநிலை எங்கே இருக்கிறது என்றால், ஓய்வில். விசார்டின் மந்திரங்கள் எட்டு மணி நேர நீண்ட ஓய்வில்தான் திரும்பும். ஃபைட்டரின் கூடுதல் வேகம், அதாவது தன் ஒரே முறையில் இரண்டு தடவை செயல்படுவது, ஒரு மணி நேரக் குறு ஓய்விலேயே திரும்பிவிடும். டிஎம்முக்கான நூல் ஒரு நாளில் ஆறிலிருந்து எட்டு மோதல் வரை குழு தாங்கும் என்று கணக்கு வைத்திருந்தது.

ஐந்தாம் லெவலை எடுத்துக்கொள்வோம். ஃபைட்டர் நீள்வாள், கேடயம், ஒற்றை ஆயுதப் பாணி. வலிமை 18. ஒரு அடிக்கு சராசரி 10.5. ஒரு முறைக்கு இரண்டு வெட்டு, கவச எண், அதாவது அடி விழப் பகடை எட்ட வேண்டிய இலக்கு, 15 உள்ள எதிரியை நூற்றுக்கு 65 முறை தொடுவான். ஆக, முறைக்கு 13.65. விசார்டின் ஃபயர்பால், ஒரே வீச்சில் பலரைச் சுடும் நெருப்பு மந்திரம், எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28, தப்பினால் பாதி. நூற்றுக்கு 35 பேர் தப்புவார்கள் என்று வைத்தால் ஒரு எதிரிக்கு 23.1. ஒரு ஃபயர்பாலில் இரண்டு பேர்தான் சிக்குகிறார்கள் என்று கஞ்சத்தனமாகவே வைக்கிறேன்: 46.2. நாளுக்கு அப்படி இரண்டு. ஒரு குறு ஓய்வில் மூன்றாவதையும் மீட்டுக்கொள்ளலாம். அடுத்த தரத்தில் ஸ்கார்ச்சிங் ரே மூன்று. மூன்று கதிர்களும் சேர்ந்து சராசரி 13.65; ஃபைட்டரின் ஒரு முறைக்குச் சரியாக அதே எண், தற்செயல்தான். தீர்ந்துபோனால் தீராத சின்ன மந்திரம், 7.15. முதல் தர மந்திரங்களைத் தற்காப்புக்கு ஒதுக்கிவிடுகிறேன், விசேஷ அடிகளையும் கணக்கில் சேர்க்கவில்லை.

நாளுக்கு ஒரே சண்டை, மூன்று சுற்று. கூடுதல் வேகத்தையும் சேர்த்து ஃபைட்டர் நான்கு முறை செயல்படுவான்: 54.6. விசார்ட் இரண்டு ஃபயர்பால், ஒரு ஸ்கார்ச்சிங் ரே: 106. கிட்டத்தட்ட இரு மடங்கு. எதிரிகள் நான்கு பேராகக் கூட்டமாக நின்றால் கேட்கவே வேண்டாம்.

நாளுக்கு ஆறு சண்டை, நடுவில் இரண்டு குறு ஓய்வு. ஃபைட்டர் 21 முறை: 287. விசார்ட் மூன்று ஃபயர்பால், மூன்று ரே, பன்னிரண்டு சின்ன மந்திரம்: 265. ஃபைட்டர் முன்னால் வந்துவிட்டான்.

ஒரே ஃபைட்டர், ஒரே விசார்ட், விதியில் ஒரு எழுத்தும் மாறவில்லை. மாறியது ஒரு நாளில் எத்தனை சண்டை என்பது மட்டும். எங்கள் மேசையில் ஞாயிறுக்கு ஒரு சண்டை. அது முடிந்ததும் "சரி, இங்கேயே முகாம் போட்டுத் தூங்கலாம்" என்று விசார்ட் சொல்வார், அடுத்த ஞாயிறு மந்திரமெல்லாம் நிரம்பி வரும். நான் இடையில் தொல்லை கொடுத்தாலும் டைனி ஹட் என்றொரு மந்திரம் இருக்கிறது. எட்டு மணி நேரம் உள்ளே யாரும் நுழைய முடியாத கூடாரம், மந்திர இடமும் செலவாகாமல் சடங்காகவே செய்யலாம். விதிநூல் எழுதியவர்களே ஓய்வை வைத்துச் சமன் செய்துவிட்டு, ஓய்வுக்குப் பாதுகாப்பும் கொடுத்தால் டிஎம் என்ன செய்வான்?

இதற்கு நூலிலேயே ஒரு மாற்று விதி உண்டு: குறு ஓய்வு எட்டு மணி நேரம், நீண்ட ஓய்வு ஏழு நாள். பயணக் கதைகளுக்கு நன்றாக இருக்கும். நிலவறைக்குள் போனால் படுமோசம்; ஒரு மணி நேர மந்திரங்கள் எல்லாம் சண்டைகளுக்கு நடுவே காலாவதியாகிவிடும்.

2024இல் வந்த திருத்திய பதிப்பில் ஃபைட்டர் போன்றவர்களுக்கு ஆயுதத் தேர்ச்சி என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். அடித்தவனைக் கீழே தள்ளுவது, பின்னுக்குத் தள்ளுவது, வேகத்தைக் குறைப்பது என்று ஆயுதத்துக்கு ஒரு குணம். நல்ல சேர்க்கை, படிக்க ஒரு வரிதான். சித்தி மகனால்கூடப் படிக்க முடியும்.

கணக்கு வாத்தியார்: பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு

2019இல் பைசோ நிறுவனம் வெளியிட்ட, இதே வகையைச் சேர்ந்த வேறொரு ஆட்டம். எண்களின் சமநிலை மட்டுமே வேண்டும் என்றால் இதோடு கட்டுரையை முடித்திருப்பேன். முறைக்கு மூன்று செயல். இலக்கை 10 தாண்டினால் விசேஷ வெற்றி. ஃபைட்டருக்கு மற்றவர்களில் பெரும்பாலானவர்களைவிட ஆயுதத் தேர்ச்சியில் 2 கூடுதல். சின்ன எண் போலத் தெரியும், ஆனால் தொடும் வாய்ப்பையும் விசேஷ அடியின் வாய்ப்பையும் சேர்த்தே ஏற்றுகிறது. ஒரே மந்திரத்தில் எதிரியை முடக்கிப்போடும் வித்தைகள் பெரிய எதிரிகளிடம் ஒரு படி குறைந்தே வேலை செய்யும். நாக்? திறக்க முயல்பவருக்கு 4 கூடுதல் தரும், கதவு தானாகத் திறக்காது. விசார்ட் ரோக்கின் தோளைத் தட்டி "போ தாயி" என்று அனுப்புவது போல. அழகான தீர்வு. விதிகள் முழுவதும் இணையத்தில் சட்டபூர்வமாக இலவசம் வேறு.

எடுக்காததற்குக் காரணம், இது சமநிலையை ஆட்டக்காரர்கள் தலையில் வைக்கிறது. நிலைமைகளும் அடைமொழிகளும் கூட்டல் கழித்தலும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். படிக்கிற ஐந்து பேர் கிடைத்தால் நாளைக்கே தொடங்குவேன்.

போகிற போக்கில் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் ஜோனதன் ட்வீட்டும் மார்க் ரைன்ஹேகனும் செய்த ஆர்ஸ் மேஜிகா இந்தப் பிரச்சினையைத் தீர்க்கவே முயலவில்லை. மந்திரவாதிதான் பலசாலி, மற்றவர்கள் இல்லை, சண்டை போடாதே என்கிறது. பதிலுக்கு ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதி, ஒரு தோழர், சில காவல் வீரர்கள் என்று பல பாத்திரங்களை வைத்துக்கொண்டு, இந்த வாரம் உன் மந்திரவாதி, அடுத்த வாரம் என்னுடையவர் என்று மாற்றி மாற்றி ஆடுவார்கள். கிளாஸ்களுக்குள் சமநிலை இல்லை, மனிதர்களுக்குள் இருக்கிறது. ஆனால் சித்தி மகனுக்கு அந்த ஒரே வாள்வீரன்தான் வேண்டும். அவன் பெயரைக்கூட மாற்ற மாட்டான்.

எடுத்த முடிவு

ஐந்தாம் பதிப்பு, 2024 திருத்தத்தின் ஆயுதத் தேர்ச்சியோடு. ஓய்வு விதியை மட்டும் வேறு வீட்டிலிருந்து கடன் வாங்கியிருக்கிறேன். மூன்றாம் பதிப்பின் ட்வீட்டும் நான்காம் பதிப்பின் ஹைன்சூவும் சேர்ந்து 2013இல் கொண்டுவந்த தர்ட்டீன்த் ஏஜ் என்ற ஆட்டத்தில், முழுச் சக்தியும் திரும்புவது தூக்கத்தால் இல்லை. நான்கு சண்டை முடிந்தால் திரும்பும். கதைக்குள் அது ஒரு மணி நேரமோ ஒரு மாதமோ, கவலையில்லை. அதற்கு முன்பே வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கதையில் ஏதோ ஒன்றை இழக்க வேண்டும்: கடத்தல்காரன் தப்பிவிடுவான், கிராமம் எரியும்.

இதை எங்கள் கணக்கில் வைத்துப் பார்த்தேன். நான்கு சண்டைக்கு ஒரு நீண்ட ஓய்வு, ஒவ்வொரு சண்டைக்கும் நடுவே ஒரு குறு ஓய்வு. பன்னிரண்டு சுற்றில் ஃபைட்டர் 16 முறை செயல்படுவான்: 218. விசார்ட் மூன்று ஃபயர்பால், மூன்று ரே, ஆறு சின்ன மந்திரம்: 222. இதைவிட நெருக்கமாக எனக்கு வேண்டாம். ஞாயிறுக்கு ஒரு சண்டை என்றால் ஒரு 'நாள்' இரண்டு மாதம் ஓடும். விசார்ட் நண்பர் ஒவ்வொரு ஃபயர்பாலையும் ரேஷன் சர்க்கரை மாதிரி எண்ணி எடுப்பார்.

இதில் ஒரு ஓட்டை இருப்பது தெரியும். வார்லாக் என்ற கிளாஸின் மந்திரங்கள் குறு ஓய்விலேயே திரும்பும். சண்டைக்கு இரண்டு என்று எட்டு பெரிய மந்திரம் அவருக்குக் கிடைத்துவிடும். எங்களிடம் வார்லாக் இல்லை. யாராவது கேட்டால் அவருக்கு மட்டும் இரண்டு சண்டைக்கு ஒருமுறை என்று வைக்க வேண்டியிருக்கும்.

பத்தாம் லெவலோடு முடிப்பது என்றும் முடிவு. பதினொன்றில் ஃபைட்டருக்கு மூன்றாவது வெட்டு வருகிறது என்பது உண்மை, ஆனால் அதே லெவலில் விசார்டுக்கு ஆறாம் தர மந்திரங்களும் பதின்மூன்றில் டெலிபோர்ட்டும் வந்துவிடும். எட்டு மாதம் நான் யோசித்து வைத்த பயணத்தை ஒரு வரியில் தாண்டுவதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பில்லை. அப்புறம், சண்டையில்லாத நேரத்துக்காக ஃபைட்டருக்கு ஒரு பழைய படைப்பிரிவைக் கொடுத்திருக்கிறேன்: எந்த ஊர் வாசல் காவலாளியும் அவனை எங்கேயோ பார்த்திருப்பான். இது எந்த நூலிலும் இல்லை. அந்தக் கோட்டையையும் படையையும் பற்றி மேலே கிண்டல் செய்தேனே, அங்கிருந்து திருடியதுதான்.

சித்தி மகனுக்கு விவரம் சொன்னேன். கணக்கெல்லாம் கேட்கவில்லை. "கதவை உடைக்கலாமாண்ணா?" என்று மட்டும் கேட்டான். உடைக்கலாம், அதுவும் சத்தம்தான் என்றேன். "பரவாயில்லை, வர்றேன்." ரோக்குக்கு அந்த 300 அடி வரியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். டைனி ஹட்டில் தூங்கினால் இனித் தூக்கம் மட்டும்தான் வரும் என்பதை விசார்ட் நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை.